பச்சை மூடிப் போத்தல்

தோப்பூர்ச் சந்தியைத் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. மூதூர் இறங்குதுறைக்கு இன்னும் ஐந்தாறு மைல் இருந்தது. நான் நிற்காமல் நடந்தேன். எனக்குப் பின்னால், வெருகலுக்குப் போகிற பாதையோரத்தில், அக்கா தன் வீட்டு விறாந்தைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். படுத்தால் மூச்சு வராது. உதட்டு வீக்கம் அன்றைக்கும் முழுதாக வற்றியிருக்கவில்லை. மூதூரில் மூட்டை தூக்க ஆள் கேட்கிறார்கள் என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தேன். அது பொய். எந்த வேலைக்கும் யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

தோளில் தொங்கிய உரப்பையில் மாற்றிக் கட்டச் சாரம் ஒன்று, அக்கா ஒவ்வொரு நாளும் எழுதிய கொப்பி, பச்சை மூடி போட்ட வெற்றுப் போத்தல் ஒன்று. போத்தல் என் பெருவிரல் அளவுதான். வழியில் எங்காவது எறிந்துவிடலாம் என்று நினைத்துத்தான் எடுத்து வந்தேன். வாய்க்கால் பாலத்தில் அதற்காகவே நின்றும் பார்த்தேன். கை பைக்குள் போய், போத்தலைத் தொட்டு, வெறுமையாக வெளியே வந்தது.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு விட்ட இடங்கள் நிறைய. நிலாவெளியில் கரைவலை இழுத்தேன். கிண்ணியாவில் மண் அள்ளினேன். தோப்பூரில் நெல் மூட்டை தைத்தேன். ஓரிடத்தில் ஒரு மாதம் நின்றால் கால் தானாகக் கிளம்பும். இடையில் மூன்று தடவை அகதி முகாமிலும் இருந்தேன். அங்கேயும் வரிசையில் நின்று சாப்பாடு வாங்கினேன், மழை வந்தால் மண்ணை வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டேன். அதையெல்லாம் பெரிய கஷ்டமாக நான் நினைப்பதில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு வீட்டை விட்டுப் போவதும் எனக்குக் கஷ்டமாக இருந்ததில்லை, அன்றைக்கு வரை.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு, மூச்சு இழுக்கிற வருத்தம். கூட்டினால் இழுக்கும், பாய் தட்டினால் இழுக்கும், பழைய தலையணையில் தலை வைத்தால் விடியும்வரை இழுக்கும். பம்ப்பை வாயில் வைத்து இரண்டு தரம் இழுத்தால் தணியும், பிறகு திரும்ப வரும். எங்கள் பக்கத்தில் அதோடேயே வாழ்ந்து முடிந்தவர்கள் பலர். அக்காவும் அப்படித்தான் இருந்திருப்பாள். ஆனால் ஒரு காலையில் ஊருக்குள் ஷெல் விழத் தொடங்கியது. ஊர் முழுவதும் தோப்பூர்ப் பக்கமாக ஓடியது. அக்கா வேலிப் படலை வரைதான் ஓடினாள். அங்கேயே குந்திவிட்டாள். அத்தான் அவளைச் சைக்கிள் பாரில் ஏற்றி, மணலில் தள்ளிக்கொண்டு, எல்லோருக்கும் கடைசியாக வந்தார். அன்றைக்கு அவருடைய தோளில் ஏறிய ஷெல் சன்னம் இன்னும் உள்ளே இருக்கிறது. மழைக்காலத்தில் அவர் அதைத் தடவிக்கொண்டு, "உன்ர கொக்காவைக் கலியாணம் முடிச்ச அடையாளம்," என்பார்.

நான் சொல்கிற காலத்தில் சண்டை ஓய்ந்திருந்தது. கடலைக் கடக்கிற லோஞ்ச் ஓடியது, பஸ் ஓடியது, ஆட்கள் கூரைக்கு ஓடு போட்டார்கள். ஆனால் எவரும் நம்பிப் படுக்கவில்லை. அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "எனக்குச் சுகம் வரவேணுமெண்டில்லை, தம்பி. அடுத்த முறை தோப்பூர் மட்டும் என்ர காலால ஓட ஏலுமெண்டாக் காணும். இந்த மனிசன் என்னால இன்னொருக்காக் காயப்படக் கூடாது."

அந்த நேரத்தில்தான் கடலுக்கு அந்தப் பக்கத்துப் பட்டணத்தில், ஓர்ஸ் ஹில்லில், ஒரு டொக்டரின் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனேன். வீட்டின் முன்பக்க அறையில் அவர் நோயாளர் பார்த்தார். சுவரைச் சுரண்டிய தூசியில் உள்ளே ஒரு மனிதருக்கு இழுப்பு வந்துவிட்டது. டொக்டர் வெளியே வந்து என் கையிலிருந்த தகரத்தை வாங்கிக் கீழே வைத்தார். "நீர் இண்டைக்கு இதோட நிப்பாட்டும். என்ர சுவர் வெள்ளையாகிறதுக்குள்ள என்ர ஆக்கள் நீலமாகிப் போடுவினம்," என்றார். நான் படியில் உட்கார்ந்து உள்ளே பார்த்தேன். அந்த மனிதருக்கு இழுப்பு அடங்கிய பிறகு, வேறொரு பெண் நாக்கைத் தூக்க, நாங்கள் மிஸ்ஸி என்கிற தாதி ஒரு சின்னப் போத்தலிலிருந்து ஒரு சொட்டு விட்டார். அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு சிலை மாதிரி இருந்தாள்.

அன்றைக்கு நான் அக்காவைப் பற்றிச் சொல்ல, டொக்டர் விளக்கினார். வீட்டுத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கிறது. அதைக் கண்டால்தான் அக்காவின் உடம்பு கலவரப்படுகிறது. அந்தப் பூச்சியின் சாரத்தையே மிகக் கொஞ்சமாக, நாக்குக்குக் கீழே, ஒவ்வொரு நாளும் விட்டுவந்தால் உடம்பு பழகும்.

"சென்றிப் பொயின்ற் மாதிரித்தான்," என்றார், சிப்பாய்களின் சோதனைச் சாவடியைச் சொல்லி. "புது முகமெண்டா மறிச்சு உடுப்பைக் கழட்டிப் பாப்பான். ஒவ்வொரு நாளும் அதே முகம் அதே நேரத்துக்கு வந்தா, ஒரு நாள் கையைக் காட்டிப் போவெண்டு விடுவான். ஆனா அதுக்கு மூண்டு வருஷம் செல்லும்."

முன்பு இதை ஊசியாக ஏற்றுவார்களாம். ஊசி என்றால் அடிக்கடி வரவேண்டும், போட்ட பிறகு காத்திருக்க வேண்டும். எங்களைப் போலக் கடல் கடந்து வருகிற ஆட்களுக்கு அது சரிவராது. லோஞ்ச் ஓடாவிட்டால் எல்லாம் அரைவழியில் நிற்கும். அதனால் சொட்டு மருந்தைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தார். எடுப்பித்த பிறகுதான் வேறு சிக்கல்கள் தெரிந்தன. சிலர் பாணி மருந்தைப் போல உடனே விழுங்கினார்கள். சிலர் வெற்றிலை போட்டு வெந்த வாயில் விட்டார்கள். விரத நாளில் சிலர் விடுவதில்லை. அடுத்த நாள் இரண்டு மடங்கு விட்டார்கள். டொக்டர் ஒவ்வொன்றையும் கேட்டு எழுதி, முறையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஒரு கொப்பி கொடுத்தார். எத்தனை சொட்டு, நாக்குக் கடித்ததா, இழுத்ததா, எத்தனை தரம் பம்ப் அடித்தது என்று ஒவ்வொரு நாளும் எழுத வேண்டும். "மருந்து கொழும்பில இருந்து வரும். அதை எப்படிக் குடுக்கிறதெண்டு இந்தக் கொப்பியள்தான் எனக்குச் சொல்லித் தரவேணும்," என்றார்.

முதல் சொட்டுக்கு அக்காவைக் கூட்டிவந்தோம். வெள்ளை மூடிப் போத்தல், அதுதான் வீரியம் குறைந்தது. அதற்கடுத்தது பச்சை, கடைசியாக, எல்லாவற்றிலும் கடுமையான சிவப்பு. சொட்டை விழுங்காமல் நாக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு நூற்றிருபது எண்ணச் சொன்னார்.

"எண்ணினா நடுவில விட்டிடுவன், டொக்டர்," என்றாள் அக்கா. "ஒரு தேவாரத்தை மனசுக்குள்ள ரெண்டு தரம் சொன்னாக் காணுமோ?"

டொக்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். அக்கா கண்ணை மூடினாள். அவள் கண் திறந்தபோது இரண்டு நிமிடத்துக்கு மேலே கொஞ்சம் போயிருந்தது. டொக்டர் அதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டார். பிறகு வருகிறவர்களிடம் அவர், அவரவர் ஓதுகிற எதையாவது அளவாக வைத்துக்கொள்ளச் சொன்னதை நானே கேட்டேன். அக்காவுக்கு அதில் பெருமை. "அந்தப் படிச்ச மனிசனுக்கு நான் சொல்லிக் குடுத்தனான்," என்று அத்தானிடம் சொன்னாள்.

"ஓமோம், அடுத்தமுறை உனக்கும் ஒரு கதிரை போட்டு வைச்சிருப்பார்," என்றார் அத்தான்.

வெள்ளைப் போத்தல் காலத்தில் அக்காவின் நாக்கு அடியில் கடித்தது, காது அரித்தது. அது நல்ல அடையாளம் என்றார் டொக்டர். உடம்பு பார்த்துவிட்டது என்று அர்த்தம். போத்தல் முடிகிற நேரத்தில் அக்கா வாயில் சீலை கட்டிக்கொண்டு முற்றத்தைக் கூட்டினாள். பம்ப் தேடவில்லை. அதையும் கொப்பியில் எழுதினாள்.

பச்சைப் போத்தலைக் கொண்டுபோனவன் நான்.

மிஸ்ஸி அதை ஈரத் துணியில் சுற்றித் தந்தார். டொக்டர் மூன்று மொழியிலும் ஒரு கடிதம் எழுதி, முத்திரை குத்தி, என் சட்டைப்பையில் தானே வைத்தார். மருந்து, திறக்க வேண்டாம், வெயில் படக்கூடாது என்று எழுதியிருந்தது. "சென்றியில கேட்டா இதை முதல் காட்டும்," என்றார்.

இப்போது இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் சோதனைச் சாவடியில் தண்ணீர்ப் போத்தலோடு போனால் குடித்துக் காட்ட வேண்டும். உள்ளே தண்ணீர்தானா என்று பார்ப்பதற்கு அவர்களுக்கு அதுதான் வழி. கொஞ்ச நாளில் அவர்கள் கேட்பதற்கு முன்னமே நாங்கள் குடிக்கப் பழகிவிட்டோம். போத்தலில் அவன் கண் பட்டால் எங்கள் கை மூடியைத் திருகும். குடித்து, வாயைத் துடைத்து, மூடிவிட்டு நடப்போம். அதில் யோசனை ஒன்றும் இல்லை.

மூதூர் இறங்குதுறையில் அன்றைக்கு நின்ற சிப்பாய் இளம் ஆள். சுற்றிய துணியை விரித்து, போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். அவன் திருப்பித் தந்தான், அவ்வளவுதான். நான் வாங்கினேன், திறந்தேன், குடித்தேன். சொட்டு விழுகிற மூடியையும் சேர்த்துக் கழற்றி, அண்ணாந்து, தண்ணீரைப் போல. முக்கால்வாசி போய்விட்டது.

அவன் திகைத்தான். "ஏய், ஏய், பெஹெத் நே?" என்றான் சிங்களத்தில், மருந்தல்லவா என்று. பிறகு சிரித்துவிட்டான். பக்கத்தில் நின்றவனிடம் சொல்ல, அவனும் சிரித்தான். நானும் சிரித்தேன். கடிதம் சட்டைப்பையிலேயே இருந்தது.

நாக்கில் இனிப்பு. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தூசி என்னை ஒன்றும் செய்யாது.

அடுத்த லோஞ்சில் திரும்பிப் போயிருக்கலாம். ஓர்ஸ் ஹில்லுக்குப் போய், குடித்துவிட்டேன் டொக்டர் என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் எனக்கு வெட்கமாக இருந்தது. சுண்ணாம்பு அடிக்கிறவனை நம்பி ஒருவர் மருந்து கொடுத்தனுப்பியது அதுதான் முதல் தடவை. மூதூர்ச் சந்தியில் ஒரு தேநீர்க் கடைக்குப் போனேன். சுடுதண்ணீர் கேட்டேன். சீனி கேட்டேன். ஆறவைத்து, விரலில் தொட்டுப் பார்த்து, போத்தலில் இருந்த இனிப்புக்குச் சரியாகும்வரை கலந்தேன். பிறகு போத்தலைப் பழைய அளவுக்கு நிரப்பி மூடினேன். கடைக்காரர் என்னைப் பார்த்து, "என்ன தம்பி, குழந்தைப் பிள்ளைக்கோ?" என்றார். ஓம் என்றேன்.

அக்கா பச்சையைத் தொடங்கினாள். ஒவ்வொரு நாளும் கொப்பியில் ஒரே வரி: நாக்குக் கடிக்கவில்லை. இரண்டு சொட்டு, நாலு சொட்டு, எட்டுச் சொட்டு. நாக்குக் கடிக்கவில்லை. அவளுடைய எழுத்து வட்டம் வட்டமாக இருக்கும். வரிக்கு வரி அந்த வட்டங்களை என்னால் பார்க்க முடியவில்லை. அந்த மாதம் நான் வேறெங்கும் போகவில்லை. அத்தான்கூடக் கேட்டார்: "என்னடா, ஊர்சுத்தி, காலில முள்ளுக் குத்திப் போட்டுதோ? ஒரு மாதமா இஞ்சயே கிடக்கிறாய்."

கொப்பியை டொக்டரிடம் கொண்டுபோனேன். அவர் பக்கங்களை மெல்லப் புரட்டினார். முகம் மலர்ந்தது. "கடிக்கயில்லை, அரிக்கயில்லை. உடம்பு நல்லா ஏத்துக்கொண்டிட்டுது," என்றார். பிறகு கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "வழியில போத்தலுக்கு ஏதும் நடந்ததோ? வெயில் பட்டதோ? ஆரும் திறந்தவையோ?"

"இல்லை, டொக்டர்," என்றேன்.

அதைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தது? ஒன்றும் எடுக்கவில்லை. சென்றியில் போத்தல் திறந்த மாதிரித்தான் அதுவும் வந்தது.

அவர் மனதில் ஒரு கணக்கு இருந்தது. பாதை எப்போது மூடும் என்று தெரியாது. அதனால் எங்கள் பக்கத்து ஆட்களைப் படிகளைக் குறைத்துச் சிவப்புக்குக் கொண்டுபோய்விட முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் கொப்பி முடியும் என்று சொன்னது. சிவப்பின் முதல் சொட்டைத் தன் முன்னால்தான் விடவேண்டும் என்பது அவருடைய விதி. அந்தக் கிழமை முழுக்கக் கடல் கொந்தளித்து லோஞ்ச் சரியாக ஓடவில்லை. அந்தக் கடலில் அக்காவுக்குப் பயணம் ஏலாது. பச்சையில் ஒரு தொந்தரவும் இல்லாதபடியால் வீட்டிலேயே ஒரே ஒரு சொட்டு, பக்கத்தில் ஆள், கையில் பம்ப் என்று சம்மதித்தார். சம்மதித்தபோது என் தோளில் தட்டினார். "பக்கத்தில நீர் இருக்கிறீர்தானே."

ஒரு சொட்டு. காலை வெயிலில், விறாந்தையில், நான்தான் விட்டேன். அக்கா கண்ணை மூடினாள். ஒரு தடவை தேவாரம் முடிந்திருக்காது, கண்ணைத் திறந்துவிட்டாள். கையால் தொண்டையைத் தொட்டாள். உதடு என் கண்முன்னாலேயே தடித்தது. பிறகு இழுப்பு வந்தது. பம்ப் இரண்டு தரம், திரும்ப இரண்டு தரம், பிறகும் இரண்டு தரம். அத்தான் பக்கத்து வீட்டு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அதன் பின்பெட்டியில் அக்காவை என் நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனேன். அவளுடைய முதுகு ஒவ்வொரு மூச்சுக்கும் என்னைத் தள்ளியது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, முகத்தில் கவசம் வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். பின்னேரத்துக்குள் பேச்சு வந்தது.

வந்த பேச்சு என்னைக் கொன்றது. அத்தான் வெளியே போன நேரம் பார்த்து அவள் என் கையைப் பிடித்தாள்.

"தம்பி, உனக்கு மட்டும் சொல்லுறன். முந்தநாள் கலியாண வீட்டில ஒரு வாய் வெத்திலை போட்டனான். டொக்டர் வேண்டாமெண்டு சொன்னவர். ஆசையில போட்டிட்டன். அதாலதான் இது. டொக்டரிட்டச் சொல்லிப் போடாதை, அந்த மனிசன் என்னைப் பற்றி நல்லா நினைச்சுக்கொண்டிருக்கிறார்."

நான் அவளுடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"எனக்கு இனி அந்த மருந்து வேண்டாம்," என்றாள். "மருந்தும் சேராத உடம்பு இது. விடு."

வீட்டுக்கு வந்ததும் சிவப்புப் போத்தலை வாழையடியில் புதைக்கச் சொன்னாள். அத்தான் புதைத்தார். அவர் அன்றைக்குப் பகிடி ஒன்றும் விடவில்லை. மண்ணை மிதித்து இறுக்கிவிட்டு, "அப்ப அடுத்த முறையும் சைக்கிள்தான்," என்றார். அவர் கை தோளுக்குப் போனது.

இரண்டு நாள் அந்த வீட்டில் இருந்தேன். இரண்டு நாளும் ஒவ்வொரு சாப்பாட்டு நேரமும் சொல்ல வாயெடுத்தேன். மூன்றாம் நாள் காலை மூதூரில் வேலை என்று பொய் சொல்லிக் கிளம்பினேன். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவன்ரா," என்றாள் அக்கா, வீங்கிய உதட்டோடு. "டொக்டரைக் கண்டா கொப்பியைக் குடுத்திடு. பாவம், அவருக்குத் தேவைப்படும்." அந்தக் கொப்பிதான் பையில் இருந்தது.

லோஞ்சில் ஏறும்வரை டொக்டரிடம் போவதா, பஸ் பிடித்து நிலாவெளிக்குப் போய் வலைக்காரரோடு சேர்வதா என்று நான் முடிவு செய்திருக்கவில்லை. கடல் அன்றைக்கு அமைதியாக இருந்தது. கடல் அமைதியாகும்வரை நாங்கள் காத்திருந்திருக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். இறங்கியதும் கால் ஓர்ஸ் ஹில் பக்கம் திரும்பியது. நல்ல எண்ணத்தில் திரும்பியது என்று சொல்ல மாட்டேன். கொப்பியை மிஸ்ஸியிடம் கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

டொக்டர் வாசலிலேயே நின்றார். கொப்பியைக் கையில் வாங்கி, கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். அதில் அத்தான் எழுதியிருந்தார்: சிவப்பு ஒரு சொட்டு, வீக்கம், இழுப்பு, ஆஸ்பத்திரி. டொக்டரின் முகம் வெளிறியது.

"எப்ப?"

"மூண்டு நாளாச்சு."

"மூண்டு நாளோ? இப்பதான் வாறீரோ?" என்னை உள்ளே இழுத்துக் கதிரையில் இருத்தினார். "இப்ப எப்படி இருக்கிறா?"

"மூச்சு வருது. உதடு இன்னும் வத்தயில்லை."

எல்லாவற்றையும் கேட்டார். எந்நேரம், சாப்பிட்டதா, காய்ச்சல் இருந்ததா. பிறகு கேட்டார்: "வாயில புண் ஏதும்? வெத்திலை?"

நான் ஓம் என்றேன். ஒரு வாய் போட்டவ என்றேன். அக்கா கையைப் பிடித்துச் சொல்லாதே என்றதை, எனக்கு ஒரு மறைப்பாக, அவர் முன்னால் வைத்தேன்.

டொக்டர் நீண்ட மூச்சு விட்டார். பேனையை எடுத்துத் தன் கொப்பியில் வெற்றிலை என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். "அப்ப விளங்குது," என்றார். உள்ளே திரும்பி மிஸ்ஸியிடம் சொன்னார்: "கிண்ணியா மாஸ்டருக்குப் பயமில்லை. அவர் வெத்திலை தொடாதவர். நாளைக்குக் காலமை சிவப்பைத் தொடங்கலாமெண்டு சொல்லிவிடுங்கோ."

யார் அந்த மாஸ்டர் என்று கேட்டேன். கிண்ணியாவில் ஓய்வு பெற்ற ஆசிரியர். அவருக்கும் தொய்வு. அக்காவின் கொப்பியைப் பார்த்த பிறகு டொக்டர் அவருக்கும் படிகளைக் குறைத்திருந்தார். அவருக்கு இதயமும் கொஞ்சம் பலவீனம்.

மிஸ்ஸி டெலிபோனை எடுத்துவிட்டார். எண் சுழற்றுகிற சத்தம் கேட்டது. நான் பைக்குள் கையை விட்டு, பச்சை மூடிப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன்.

"வெத்திலை இல்லை, டொக்டர். நான்."

சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. சாவடி, கடிதம், தேநீர்க் கடை, சீனி. அவர் நடுவில் ஒரு தடவை மட்டும் கையை உயர்த்தினார், அது மிஸ்ஸிக்கு. "வையுங்கோ. இல்லை, வைக்காதேங்கோ. நாளைக்கு வேண்டாமெண்டு சொல்லுங்கோ. நான் நேர வந்து பாக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

பிறகு போத்தலை எடுத்து, மூடியைத் திறந்து, மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். எதற்கென்று தெரியவில்லை, அதில் ஒன்றும் இல்லை. தன் கொப்பியில் அக்காவின் பக்கங்களை எடுத்து, பச்சைக்குரிய நாட்கள் முழுவதையும் மூலைக்கு மூலை கோடிழுத்து அடித்தார். வெற்றிலை என்ற சொல்லையும் அடித்தார். அவருடைய ஒரு மாத வேலை அதோடு போனது. அதைப் பார்த்துக்கொண்டு இருப்பதைவிட அவர் என்னை அடித்திருந்தால் இலகுவாக இருந்திருக்கும்.

"நீர் குடிச்சதுக்கு எனக்குக் கோபமில்லை," என்றார் கடைசியாக. "பத்துப் போத்தல் குடிச்சிருந்தாலும் பதினோராவதைத் தேடித் தந்திருப்பன். சீனித் தண்ணிக்கு நான் என்ன செய்ய?" போத்தலை மூடி என் கையில் திருப்பித் தந்தார். "வீட்டில தொடங்கச் சொன்னது நான். அது என்ர பிழை. கொப்பி என்னதான் சொன்னாலும் முதல் சொட்டு இஞ்சதான் எண்டு நிண்டிருக்க வேணும். அதை நான் எழுதி வைக்கிறன். மற்றதை நீர்தான் பாக்கவேணும்."

"அக்கா இனி மருந்து வேண்டாமெண்டிட்டா, டொக்டர்."

"ஏன் வேண்டாமெண்டவ? மருந்து சேரயில்லை எண்டு நினைக்கிறா. சேர்ந்தது. வெள்ளையில சேர்ந்தது, முற்றம் கூட்டினவ. உடம்பு முழுக்க ஆறினாப் பிறகு வெள்ளையில இருந்து திரும்பத் தொடங்கலாம், கொஞ்சம் கொஞ்சமா. ஆனா அவ நாக்கைத் தூக்கவேணுமெல்லே. தன்ர உடம்பிலதான் பிழை எண்டு நம்புற ஆள் தூக்க மாட்டா."

"நீங்கள் ஒரு கடிதம் தந்தால்..."

"சென்றிக்குத் தாறன். உம்மட அக்காவுக்குத் தரமாட்டன். அதை நீர் வாயாலதான் சொல்லவேணும். அவ ஓமெண்டா, முதல் சொட்டுக்கு இஞ்ச கூட்டிக்கொண்டு வாரும். கடல் எப்படி இருந்தாலும் காத்திருப்பம். பிறகு ஒவ்வொரு போத்தலுக்கும் அப்படித்தான். மூண்டு வருஷம் ஆரோ ஒராள் போய்வரவேணும்."

ஆரோ ஒராள் என்று சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் நிற்கிற ஆள் இல்லை என்பது சுண்ணாம்பு அடித்த நாட்களிலேயே அவருக்குத் தெரியும். அவருடைய பின்சுவர் இன்னும் பாதி வெள்ளையாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் காலை துறைமுகப் பக்கம் போனேன். ஐஸ் பக்டரி வாசலில் ஒரு லொறி நின்றது. கிண்ணியா, மூதூர், தோப்பூர் என்று போய் வெருகல் முகத்துவாரத்தில் ஐஸ் இறக்கிவிட்டு மீன் ஏற்றி வருகிற லொறி. ஒன்றுவிட்ட ஒருநாள் ஓட்டம். அது அக்காவின் படலையைத் தொட்டுக்கொண்டுதான் போகும். அவள் விறாந்தையிலிருந்து அதைப் பார்த்து, ஐஸ்கார லொறி போகுது, நேரம் இன்னது என்று சொல்வாள். ட்ரைவருக்கு என்னைத் தெரியும். ஒருமுறை அவரிடம் நான்கு நாள் வேலை செய்துவிட்டுச் சொல்லாமல் போயிருக்கிறேன்.

"ஏத்தி இறக்க ஆள் தேவையோ, அண்ணை?" என்றேன்.

"தேவைதான். ஆனா நீ ஆளோ? போனமுறை தோப்பூரில தண்ணி குடிக்கப் போறன் எண்டு இறங்கின நீ, இன்னும் குடிச்சு முடியயில்லை."

"இந்த முறை நிப்பன்."

"எவ்வளவு நாளைக்கு?"

"மூண்டு வருஷம்."

அவர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். கிளீனரைக் கூப்பிட்டு அவரிடமும் சொன்னார். "மூண்டு வருஷமாம். மூண்டு வருஷத்துக்கு இந்த றோட்டு இருக்குமோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது, இவர் நிப்பாராம்." அவர்கள் சிரித்து முடியும்வரை நின்றேன். பிறகு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் கட்டியைத் தூக்கினேன். உமி ஒட்டிய ஐஸ் கழுத்தைச் சுட்டது. பன்னிரண்டு கட்டி ஏற்றினேன்.

புறப்படும்போது ட்ரைவர் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்: "தண்ணிப் போத்தல் இருந்தா சென்றிக்கு முன்னமே ஒரு வாய் குடிச்சுக் காட்டு. நேரத்தை மினக்கெடுத்தாதை."

என்னிடம் தண்ணீர்ப் போத்தல் இல்லை. வேண்டுமென்றேதான் கொண்டுவரவில்லை. பச்சை மூடிப் போத்தல் சட்டைப்பையில் இருந்தது, அக்காவிடம் காட்டுவதற்கு. பின்பக்கம் ஏறி ஐஸுக்கு மேல் சாக்கை விரித்து உட்கார்ந்தேன். லொறி கிண்ணியாப் பக்கம் திரும்பியது.